என் மருமகள் மாற்றிய இன்ஜின்

எனக்கு வாய் பெரிது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி வந்து சொல்லிவிடுவாள். ரயில் நிலைய வாசலில் இருக்கும் டாக்ஸி ஸ்டாண்டில் எனக்கு ‘ஹாரன்’ என்று பெயர். நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது பிளாட்பாரம் வரைக்கும் கேட்குமாம். கேட்டால் கேட்கட்டும். ஆனால் இப்போது சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை, என் மருமகளைப் பற்றி. அவளைப் பற்றிப் பேசும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் பொத்திக்கொள்ளலாம்.

என் மகன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். மனுஷ உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். காரின் பானட்டைத் திறக்கச் சொன்னால் டிக்கியைத் திறப்பான். அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அப்பா, ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு” என்றான்.

“பொண்ணு என்ன பண்றா?”

“கார் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல எலக்ட்ரீஷியன்.”

கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று நான் சவாரி முடித்துத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தேன். உள்ளே நாற்காலி நுனியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தவள், என் வண்டிச் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரியிடம், “அத்தை, மாமா வண்டியில பெல்ட் லூசா இருக்கு, சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க” என்று சொல்லியிருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சேதி என் காதுக்கு வந்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் இவள், என் வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு? வீட்டுக்குள்கூட நுழையாமல் திரும்பிப் போய் பானட்டைத் திறந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி என் வீட்டுக்காரி இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள்.

ஒன்பது வருஷம் அந்த சர்வீஸ் சென்டரில் வயர் வேலை பார்த்தாள். பிறகு புதிதாக வந்த மேனேஜர், வாசலில் ஒரு பெண் இருந்தால் வருகிறவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று சொல்லி அவளைக் கையோடு கூட்டிப்போய் ரிசப்ஷனில் உட்கார வைத்துவிட்டார். வேலையில் உயர்வாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, “சிரிக்கிறதுக்குச் சம்பளம் தர்றாங்க மாமா. எனக்கு அது வரல. வேலைய விட்டுட்டேன்” என்றாள். “நல்ல காரியம் பண்ணினே” என்றேன் நான். என் மகன் மட்டும், “அடுத்து என்ன?” என்று கேட்டான். அவன் எப்போதும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு வைப்பான்.

அடுத்தது, அச்சகத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஷெட். முன்னால் யாரோ லாரி பாடி கட்டிய இடம். தரை முழுக்க எண்ணெய்க் கறை, நடுவில் ஒரு பள்ளம், மழை பெய்தால் மூலையில் ஒழுகும். அதை வாடகைக்கு எடுத்துச் சுரண்டிக் கழுவி, சுவரில் ஸ்பேனர் மாட்டும் இடத்தில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பெயிண்ட்டில் வரைந்து வைத்தாள். எது இல்லை என்று தூரத்தில் இருந்தே தெரியும். எல்லாம் தயார், வண்டி மட்டும் வரவில்லை. வருகிறவன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். “மெக்கானிக் இல்லையா?” என்பான். “நான்தான், சொல்லுங்க” என்பாள் இவள். “சரிங்க, அப்புறம் வர்றேன்” என்று போய்விடுவான். இதை நானே என் காதால் இரண்டு தடவை கேட்டேன். ஒருத்தன் பின்னாலேயே போய், “அப்புறம்னா எப்ப?” என்று நடுத்தெருவில் மறித்துக் கேட்டுவிட்டேன். அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த சமயத்தில்தான் என் வண்டி பாலத்து ஏற்றத்தில் மூச்சை விட்டது.

என் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்து நாலு வயசு. சதுரமான உடம்பு, வெள்ளை நிறம். கதவைச் சாத்தினால் அலமாரியைச் சாத்துகிற சத்தம் கேட்கும். வாங்கிய நாளில் இருந்து அதன் ஸ்டீயரிங்கை இன்னொருவர் கையில் நான் கொடுத்ததில்லை. என் மகன் லைசென்ஸ் எடுத்ததே வேறு யாருடைய வண்டியிலோதான். “பொண்டாட்டியக்கூட அப்பப்ப அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பறீங்க, இந்த வண்டிய ஒரு நிமிஷம் விட மாட்டேங்கறீங்களே” என்று என் வீட்டுக்காரி கேட்பாள்.

கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் நிறுத்தினோம். இழுக்கும்போதும் ஸ்டீயரிங்கில் நான்தான். அவள் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினாள். எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி இருந்தது.

“தண்ணி கலந்துடுச்சு மாமா. சூடு தாங்காம இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுருக்கு. இந்த இன்ஜின் இனிமே ஆகாது.”

மறுநாள் ஸ்டாண்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி எல்லோரும் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தனுக்கு ‘கண்ணாடி’ என்று பெயர். சவாரி இல்லாத நேரமெல்லாம் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்து மீசையைச் சீவிக்கொண்டிருப்பான். சும்மா சொல்லக்கூடாது, மீசை நல்ல மீசைதான்.

“ஹாரன், பேசாம வண்டிய எடைக்குப் போட்டுடு” என்றான் அவன். “உன் மருமககிட்ட விட்டேன்னு வை, சீட்டுக்குப் பூப்போட்ட உறை தைச்சு வெச்சுடும். வண்டி மட்டும் ஓடாது.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “அவ ஓட்டிக் காட்டுவா. சர்க்கார் இன்ஸ்பெக்ஷன்ல பாஸும் பண்ணிக் காட்டுவா. அப்ப என்ன பண்றே?” என்று கத்தினேன். ரயில் ஏற வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“பாஸ் ஆச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்யா!”

“எல்லாரும் கேட்டுக்கங்க! எல்லாரும் கேட்டுக்கங்க!”

இந்தச் சேதி எனக்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்விட்டது. மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஏன் மாமா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கவே மாட்டீங்களா?” என்றாள். பிறகு சாந்தமாகச் சொன்னாள்: “ஷெட் ஓனர் நேத்து வந்தாரு. பக்கத்து டயர்க்காரர் இந்த இடத்தைக் கேக்கறாராம். இந்த மாசக் கடைசில சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க வண்டிதான் மாமா என் முதல் வண்டி. இது பாஸ் ஆனா ஸ்டாண்ட்ல இருக்கறவங்க நம்பி வருவாங்க. ஆகலேன்னா சாவிய அவர்கிட்டக் குடுத்துட்டு, மறுபடியும் ரிசப்ஷன்ல போய் உக்காந்து சிரிக்கறேன்.”

அதைக் கேட்டபிறகுதான் நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கண்ணாடிக்குப் போனால் மயிர், முளைத்துவிடும். இவளுக்குப் போனால் ஷெட் போய்விடும்.

என் வண்டிக்கு உரிய பழைய இன்ஜின் தேடினால் கிடைக்காமல் இல்லை. ஆனால் கிடைப்பதெல்லாம் என் இன்ஜின் வயசு, அதே இருமல். அவள் வேறு மாதிரி யோசித்தாள். அதே கம்பெனி பன்னிரண்டு வருஷம் கழித்துச் செய்த வண்டியின் இன்ஜின், இதற்குத் தம்பி முறை. அளவு ஏறக்குறைய ஒன்று, பலம் ஜாஸ்தி, புகை கம்மி. “வண்டிக்கு உங்க குணம் மாமா, இன்ஜினுக்கு என் குணம். ஒத்துப்போகுதான்னு பாப்போம்” என்றாள்.

பழைய வண்டி உடைக்கும் யார்டில் அப்படி ஒரு வண்டி கிடைத்தது. சிக்னலில் நின்றபோது பின்னால் லாரி இடித்த வண்டி. பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் புத்தம் புதுசு. இன்ஜினை எடுத்தாள். அதோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டி, அது சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், அதையும் எடுத்தாள். இன்ஜினில் இருந்து அந்தப் பெட்டிக்குப் போகும் வயர் அத்தனையும், வெட்டாமல், குலையாமல், குடலை உருவுகிற மாதிரி உருவி எடுத்துக்கொண்டுவந்து எங்கள் வீட்டு ஹாலில் பரப்பினாள். ஷெட்டில் மூலை ஒழுகுகிறதே, வயரில் தண்ணீர் படக்கூடாதாம்.

அப்புறம் எங்கள் வீட்டில் டிவி பார்க்க வேண்டுமென்றால் வயரைத் தாண்டிக் குதித்துப் போய்த்தான் பார்க்க வேண்டும். எந்த வயர் எதற்கு என்று அடையாளம் வைக்க என் வீட்டுக்காரியின் துணி கிளிப்பை எடுத்து ஒவ்வொன்றாகக் கவ்வ விட்டாள். சிவப்பு கிளிப் பெட்ரோல் பம்ப், நீலம் தீப்பொறி, மஞ்சள் சூடு பார்க்கிறது. கொடியில் கிளிப் இல்லாமல் என் சட்டை பறந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்தது. “ஏங்க, போய் எடுத்துட்டு வாங்க, அவ வேலை நடக்கட்டும்” என்றாள் என் வீட்டுக்காரி. நான் சட்டை கேட்டுப் படியேறின கதையைத் தனியாக எழுத வேண்டும்.

என் மகனுக்குக் கொடுத்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது. அதையும் அவன் உருப்படியாகச் செய்யவில்லை. “போல்ட்டுல காட்டு, என் மூஞ்சில இல்ல” என்று அவள் பள்ளத்தில் இருந்து சத்தம் போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் பயல் இப்படி இருக்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு இன்ஜினை இறக்கியபோது வலது பக்கம் சரியாக உட்கார்ந்தது. இடது பக்கம் இரண்டு விரல் இடைவெளி. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கைப் புதிதாகச் செய்ய வேண்டும். நானாக இருந்தால் அப்போதே இரும்பை எடுத்திருப்பேன். அவள் என் வீட்டுக்காரியின் செருப்பு வந்த அட்டைப் பெட்டியை எடுத்தாள். அட்டையில் வெட்டி, மடித்து, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, நாலாவது அட்டை ஒட்டிக்கொண்டபிறகுதான் வெல்டிங் கடைக்குப் போனாள். “அட்டை தப்பாப் போனா அடுப்புல போடலாம் மாமா. இரும்பு தப்பாப் போனா என்ன பண்றது?” என்றாள். இரும்பு வந்தது. போல்ட் விரலால் சுற்றியே உள்ளே இறங்கியது. நான் அதை மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தேன், சும்மா, அந்தச் சுகத்துக்காக.

பழைய வண்டி பெட்ரோலை மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிற வகை. புது இன்ஜினுக்கு ஊசி போடுகிற மாதிரி அழுத்தத்தோடு கொடுக்க வேண்டும். அதற்குத் தனி பம்ப் வைத்தாள். பலம் கூடின வண்டிக்குப் பழைய பிரேக் போதாது என்று முன்சக்கரத்துக்குப் பெரிய பிரேக் வைத்தாள். பானட் கடைசி ஒரு விரல்கடை மூட மறுத்தது. காற்று வடிகட்டிப் பெட்டியை இடம் மாற்றிப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள். பானட் மூடியது, அதே அலமாரிச் சத்தத்தோடு.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் நாள் எப்படியோ ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். கண்ணாடியும் இன்னும் மூன்று டிரைவர்களும், “சும்மா இந்தப் பக்கம் வந்தோம்” என்று வாசலில் வந்து நின்றார்கள். மருமகள் இன்ஜின் பக்கத்தில் நின்று எனக்குக் கையைக் காட்டினாள். சாவியைத் திருப்பினேன். பிடித்தது! அப்படி ஒரு மெல்லிய, வழவழப்பான சத்தம். நான் “ஆஹா” என்று வாயைத் திறப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். இரண்டு வினாடி ஓடியது, நின்றது. மறுபடி. அதே கதை. ஸ்டீயரிங்குக்குக் கீழே அவள் வைத்திருந்த சின்ன விளக்கு மட்டும் சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடி மீசையை ஒரு தடவை தடவிவிட்டுக்கொண்டான்.

“இங்க என்னய்யா வேடிக்கை?” என்று நான் பாய்ந்தேன். “மாமா, வெளிய போய் நில்லுங்க” என்றாள் அவள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போய் வெளியே நின்றேன். கூட்டம் கலைந்தபிறகு அவள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“தப்பு என்னோடதுதான் மாமா. சாவிய மறந்துட்டேன்.”

அந்தப் புது இன்ஜினின் கம்ப்யூட்டருக்குத் தன் சொந்தச் சாவியை அடையாளம் தெரியுமாம். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். அது பக்கத்தில் இல்லையென்றால் யாரோ திருடன் என்று நினைத்து இரண்டே வினாடியில் இன்ஜினை நிறுத்திவிடும். ஒன்பது வருஷம் வேலை பார்த்த இடத்தில் சாவி இல்லாமல் ஒரு வண்டிகூட உள்ளே வந்ததில்லை. சாவி என்றால் வண்டியோடு தானாக வருவது என்று அவள் கைக்குப் பழகிப்போயிருக்கிறது. யார்டில் ஒவ்வொரு வயரையும் பார்த்துப் பார்த்து எடுத்தவள் அதை மட்டும் கேட்கவே இல்லை. கம்பெனியில் கேட்கலாம் என்றால், அவர்கள் கணக்கில் அந்த வண்டி செத்துப்போய்விட்டது. செத்த வண்டிக்குச் சாவி செய்து தரமாட்டார்கள்.

அங்கிருந்தே யார்டுக்கு ஓடினோம். யார்டுக்காரர் கை எண்ணெயைத் துடைத்தபடி தலையை ஆட்டினார்.

“சாவி மட்டும் என்கிட்ட இருக்காதும்மா. எந்த வண்டிய வாங்கினாலும் சாவிய வண்டிக்காரங்க கையிலயே குடுத்துடுவேன். உடைக்கறதும் நான், சாவி வெச்சுக்கறதும் நான்னா அவங்களுக்கு என்ன மிச்சம்? எனக்குச் சோறு இறங்காது.”

நல்ல மனுஷன். அவர் நல்ல மனுஷனாக இருந்ததற்கு அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. அந்த வண்டியை விற்ற அம்மாவின் வீட்டு விலாசத்தை மட்டும் சொன்னார்.

குறுகலான படிக்கட்டு ஏறி இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது ஒரு கணக்கு டீச்சர், ஓய்வுபெறும் வயசு. சுவரில் பாதி அழித்த கணக்கோடு ஒரு வெள்ளைப் பலகை. கதவோரம் ஆணியில் வீட்டுச் சாவிக்குப் பக்கத்தில் அந்த வண்டிச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் அதைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. என் சம்பளத்துல நானே வாங்கின வண்டி அது. அதுல மிச்சம் இது ஒண்ணுதான். தர முடியாது, தப்பா நினைக்காதீங்க.”

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக என் மருமகள் வாழ்க்கை போக வேண்டுமா என்று கேட்டிருப்பேன். மருமகள் என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். எனக்கு வலித்தது.

“உங்க சாவி எனக்கு வேண்டாம் டீச்சர்” என்றாள் அவள். “அது உங்ககிட்டயே இருக்கட்டும். உள்ள ஒரு சின்னப் பொருள் இருக்கு, அது மட்டும் போதும். நான் பிரிச்சுக் காட்டறேன், பாத்துட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா அப்படியே மூடிக் குடுத்துடறேன்.”

டீச்சர் யோசித்தார். அப்புறம் கையைத் திறந்தார். அவள் நகத்தால் பிளாஸ்டிக்கை நெம்பி, உள்ளே இருந்ததைத் தன் உள்ளங்கையில் தட்டினாள். ஒரு அரிசி அளவு. அவ்வளவுதான். காலிச் சாவியை மறுபடி மூடி நீட்டினாள். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை.

“இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். “இதைப் போட்டா என் வண்டி ஓடுமா?”

“உங்க இன்ஜின் ஓடும் டீச்சர். எங்க மாமா வண்டிக்குள்ள.”

“அப்ப அந்தச் சத்தத்த நான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டார்.

மருமகள் அந்த அரிசியை, யார்டில் இருந்து வயரோடு வந்து சாவித் துவாரத்தைச் சுற்றி மாட்டியிருந்த, சாவியைத் தேடும் வளையத்தோடு ஒட்டி, டேப் சுற்றினாள். டீச்சர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் என் பழைய சாவியைத் திருப்பினேன். பிடித்தது. இரண்டு வினாடி. மூன்று. பத்து. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, “இது என் வண்டிதான். காலைல கிளம்பறப்ப இப்படித்தான் இருக்கும்” என்றார். மருமகள் திரும்பி நின்று ஸ்பேனரை எல்லாம் அதனதன் உருவத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னும் ஒரு மலை பாக்கி. இன்ஸ்பெக்ஷன். அன்று காலை வீட்டு வாசலில் அவள் என்னை நிறுத்தினாள்.

“மாமா, உள்ள போனா நீங்க வாயே திறக்கக் கூடாது. போன தடவை ஒரு லைட்டுக்காக நீங்க சண்டை போட்டதுல, அவங்க வண்டிய முழுசாக் கவுத்துப் பாத்தாங்க. ஞாபகம் இருக்கா?”

“அது அவன் பேசின பேச்சுக்கு...”

“மாமா.”

“சரி. திறக்க மாட்டேன்.”

“நான் சொல்ற வரைக்கும்.”

“நீ சொல்ற வரைக்கும்.”

ஆய்வாளர் வற்றலான மனுஷன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சின்னச் சுத்தியல். பானட்டைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். “இன்ஜின் மாத்தினது யாரு?” என்றார்.

“நான்தான் சார்.”

“ஷெட்ல வேற யாரு இருக்கா?”

“நான் மட்டும்தான் சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களா பண்ணினீங்க?” பதில் சொல்ல உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டி மருமகளைக் காட்டினேன். “உங்க வண்டிதானே?” தலையை ஆட்டினேன். அவர் முகம் இளகிவிட்டது. மருமகளிடம் குரலைத் தணித்து, “பாவம், பேச்சு வராதா?” என்று கேட்டார்.

“இன்னைக்கு மட்டும் வராது சார்” என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் என்னிடம் எல்லாவற்றையும் சைகையிலேயே சொன்னார். வண்டியை முன்னால் எடு என்பதற்கு அவர் செய்த சைகையை என் வீட்டுக்காரிக்கு நடித்துக் காட்டியபோது அவள் சிரித்து மூச்சு முட்டிப்போனாள்.

மவுண்டிங்கைச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. புகை பார்த்தார், பிரேக் பார்த்தார், இன்ஜின் நம்பரைத் துடைத்துப் படித்தார். வயரை ஒரு இழு இழுத்தார், அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது டார்ச் வெளிச்சம் ஸ்டீயரிங்குக்குக் கீழே போய் நின்றது.

“இது என்ன டேப்பு?”

அவள் ஒளிக்கவில்லை. டேப்பைப் பிரித்து அரிசியை எடுத்துக் காட்டினாள். அது இல்லாமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னாள், நின்றது. வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னாள், ஓடியது. ஆய்வாளர் சிரிக்கவில்லை.

“இது வாடகை வண்டி. ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டு மேம்பாலத்துல போறப்ப இந்த டேப்பு பிரிஞ்சு கீழ விழுந்தா? நடு ரோட்ல நின்னுடுமா?”

நியாயமான கேள்வி. எனக்கே பயம் வந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை.

“நிக்காது சார்” என்றாள் அவள். “ஸ்டார்ட் பண்றப்ப ஒரு தடவைதான் அது சாவியத் தேடும். ஓட ஆரம்பிச்சுட்டா அப்புறம் கேக்காது. நீங்களே எடுத்துப் பாருங்க.”

அவர் எடுத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டு அரிசியை உருவினார். ஸ்டீயரிங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். நின்றால் ஷெட் டயர்க்காரருக்கு. அவர் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிச் சைகை செய்தார். மிதித்தேன். இன்ஜின் உறுமியது. விட்டேன். தணிந்து, மறுபடி அதே வழவழப்பில் ஓடியது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அரிசியை அவள் கையில் கொடுத்தார்.

“டேப்பு வேண்டாம். கழண்டு வராத மாதிரி ஒரு மூடி போட்டு ஸ்க்ரூ பண்ணிடும்மா.”

“இன்னைக்கே பண்ணிடறேன் சார்.”

முன் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்தார். “அடுத்த வண்டி” என்று குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு அது இன்னொரு வண்டி.

கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நீளமாக ஒரு மூச்சை விட்டாள். கண்ணெல்லாம் ஈரம்.

“இப்பப் பேசலாம் மாமா.”

வாயைத் திறந்தேன். என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். காலையில் இருந்து, ஏன், அந்த பெல்ட் நாளில் இருந்தே சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எந்த ஹாரன்? காற்றுகூட வரவில்லை. அவள் பயந்துபோய், “மாமா? தண்ணி குடிக்கறீங்களா?” என்றாள்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வண்டியைச் சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவளை இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். ஓட்டுகிற இடத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். “நானா?” என்றாள். தலையை ஆட்டினேன். அவள் போய் உட்காரும்வரை நின்று பார்த்துவிட்டு, பின் கதவைத் திறந்து சவாரிக்காரன் மாதிரிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் வண்டியின் பின்சீட்டில் இருந்து ரோடு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாகவே இருந்தது. பாலத்து ஏற்றம் வந்தது. கியரைக்கூடக் குறைக்காமல் ஏறினாள்.

ஸ்டாண்டில் என் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோரும் எழுந்து வந்தார்கள். கண்ணாடி முதலில் ஸ்டிக்கரைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அப்புறம் பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தான். அதைப் பார்த்ததும்தான் அவன் கை மீசைக்குப் போனது. என் குரல் எங்கே போயிருந்ததோ, சரியாக அந்த நேரத்துக்குத் திரும்பி வந்தது.

“இது என் மருமக பூட்டின இன்ஜின்! மூணாவது பிளாட்பாரத்துல இருக்கறவங்களும் கேட்டுக்கங்க! என் மருமக!”

“மாமா, மெதுவா” என்றாள் அவள். சொன்னாளே தவிர, முகம் அப்படி மலர்ந்திருந்தது.

கண்ணாடி சொன்ன சொல் தவறாதவன், அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலை வழவழவென்ற மூஞ்சியோடு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தான். போன வருஷத்தில் இருந்தே ஸ்டார்ட்டிங் தகராறாம், மீசையின் கௌரவம் பார்த்து இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் இன்னும் இரண்டு வண்டி வந்தது. டயர்க்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். டீச்சர் புதிதாக ஒரு சின்ன வண்டி வாங்கியிருக்கிறார், அதன் சர்வீஸும் இங்கேதான்.

போன வாரம் நான் ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லையா?” என்றார். பள்ளத்துக்குள் இருந்து அவள் குரல் வந்தது.

“நான்தாங்க. ஆனா உள்ள இடம் இல்ல. அப்புறம் வாங்க.”